பேருந்து எப்போது வரும்? வரிசை மாறினாலும் விடை மாறாத ஒரு திரை

நிரல் எழுதப் பழகும் பலரும் சிங்கப்பூரில் ஒருமுறையாவது செய்து பார்க்கும் செயலி, பேருந்து வரும் நேரத்தைக் காட்டும் செயலிதான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமாலில் பதிந்துகொண்டு ஒரு கணக்குச் சாவி வாங்கினால் தரவு இலவசம். ஐந்து இலக்க நிறுத்த எண்ணை அனுப்பினால், அங்கே நிற்கும் ஒவ்வொரு சேவைக்கும் அடுத்த மூன்று பேருந்துகளின் நேரம் வந்துவிடும். 20 நொடிக்கு ஒருமுறை புதுத் தரவு. ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடிக்கலாம் போலிருக்கும்; முடித்தும்விடலாம். தொல்லை அதற்கப்புறம்தான் வரும்.

ஒருவர் தேக்கா பக்கத்து நிறுத்தத்தைத் தொடுகிறார். உடனே மனம் மாறி, லிட்டில் இந்தியா ஸ்டேஷன் பக்கத்து நிறுத்தத்தைத் தொடுகிறார். இரண்டு கோரிக்கைகள் போகின்றன. இரண்டாவதன் பதில் முந்திக்கொள்கிறது, முதலாவதன் பதில் ஆடி அசைந்து பின்னால் வருகிறது:

தொடுதல்: --தே---லி------------------
பதில்:   ------------லி-----தே------
திரை:    ------------லி-----தே------

மேலே தலைப்பில் லிட்டில் இந்தியா. கீழே பட்டியலில் தேக்காவின் பேருந்துகள். நிரலில் தவறான வரி என்று எதையும் காட்ட முடியாது. "பதில் வந்ததும் பட்டியலை மாற்று" என்ற ஒரு வரி, இரண்டு முறை ஓடியது, அவ்வளவுதான். எழுதியவரின் கணினியில் எப்போதும் சரியாக ஓடும் இந்த வரி, எம்ஆர்டி சுரங்கத்துக்குள் போய் வரும் கைபேசியில் மட்டும் தடுமாறும்.

நிகழ்வுகள் வர வர அவற்றுக்கு ஏற்பத் திரை மாறும்படி எழுதும் முறைக்கு ரியாக்டிவ் நிரலாக்கம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் நேரே அதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் ஆவணத்தைத் திறந்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆபரேட்டர்களை (அந்த நூலகம் தரும் தயார்க் கருவிகளை) மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். அது தலைகீழான வழி. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கே வரிசை முக்கியம், எங்கே முக்கியமில்லை? ஒரு மதிப்பை வாங்கி இன்னொரு மதிப்பைத் தரும் ஃபங்ஷன்களால் நிரலைக் கட்டும் ஃபங்ஷனல் நிரலாக்கம் நமக்குத் தரும் பெரிய உதவி, இந்த இரண்டையும் பிரித்து வைக்கும் ஒழுங்கு. ஆபரேட்டர்கள் பிறகு.

கோப்பிக் கடையில் ஒரு சிறு பயிற்சி

"கோப்பி ஓ கோசோங் பெங்." கோப்பி என்பது ஒரு மதிப்பு. 'ஓ' பாலை எடுத்துவிடுகிறது, 'கோசோங்' சர்க்கரையை எடுத்துவிடுகிறது, 'பெங்' பனிக்கட்டி போடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு கோப்பியை வாங்கி இன்னொரு கோப்பியைத் தரும் ஃபங்ஷன். பழைய கோப்பையை யாரும் திருத்துவதில்லை. 'கோசோங்' முதலில் வந்தாலும் 'பெங்' முதலில் வந்தாலும் மேசைக்கு வருவது ஒரே கோப்பிதான், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு விஷயங்களைத் தொடுகின்றன. ஆனால் 'கோசோங்' என்று சொல்லிவிட்டு 'சியூ தாய்' என்று சொன்னால்? ஒன்று சர்க்கரையே வேண்டாம் என்கிறது, மற்றது கொஞ்சம் போடச் சொல்கிறது. இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. கடைசியில் சொன்னது வெல்லும். இங்கே வரிசை முக்கியம்.

இது வெறும் விளையாட்டு உவமை இல்லை. தேடல் பெட்டியில் எல்லாரும் போடும் இரண்டு வடிகட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று டிபௌன்ஸ்: 300 மில்லிநொடி கை நிற்கும்வரை காத்திரு. மற்றது 'முன்பு வந்ததே மறுபடி வந்தால் விடாதே'. பெட்டியில் "83" இருக்கிறது, அதற்கான தேடல் முடிந்துவிட்டது. பயனர் "1" தட்டி, உடனே அழித்துவிடுகிறார். டிபௌன்ஸ் முன்னால் இருந்தால் "831" வெளியே வராமலே போகும். அடுத்து வரும் "83" பழையதேதான், தடுக்கப்படும். புதுக் கோரிக்கை எதுவும் போகாது. இடம் மாற்றி வைத்தால் "831" பழையதிலிருந்து வேறு, "83" அதிலிருந்து வேறு, இரண்டும் தாண்டிவிடும். டிபௌன்ஸ் கடைசி "83"ஐ வெளியே விடும். அதே தேடல் வீணாக இன்னொரு முறை. இரண்டு வரிகளை இடம் மாற்றியதன் விலை அது.

ஒரே ஒரு ஃபங்ஷன்

செயலியின் மையத்தில் இருக்க வேண்டியது இதுதான்:

புதுப்பி(நிலை, நிகழ்வு) → (புதிய நிலை, கட்டளைகள்)

நிகழ்வு =
  நிறுத்தம்_தேர்ந்தது(எண்)
  | பதில்_வந்தது(எண், வரிசை, பட்டியல்)
  | பதில்_தவறியது(எண், வரிசை, காரணம்)
  | கடிகாரம்_நகர்ந்தது(இப்போது)
  | திரை_மறைந்தது
  | திரை_திரும்பியது

இதற்குள் வலைக் கோரிக்கை கிடையாது, கடிகாரத்தைப் பார்ப்பது கிடையாது, தற்செயல் எண் கிடையாது. நிலையையும் நிகழ்வையும் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே விடை. தரவு வேண்டுமென்றால் "இந்த நிறுத்தத்துக்கு, இந்த வரிசை எண்ணோடு கேள்" என்று ஒரு கட்டளையைத் திருப்பித் தரும். அந்தக் கட்டளையும் வெறும் மதிப்புதான். அதை நிறைவேற்றுவது வெளியே ஓரத்தில் இருக்கும் சின்ன இயக்கி. எல்ம் மொழி இந்த அமைப்பை முழுமையாக வைத்திருக்கிறது. 2015இல் வந்த ரிடக்ஸ் என்ற நூலகம் அதே எண்ணத்தை ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் கொண்டுவந்தது, கட்டளைகளைத் தவிர. கட்டளைகளை விட்டதால்தான் ரிடக்ஸுக்கு அடுத்தடுத்து இத்தனை மிடில்வேர்கள் (நடுவில் செருகும் துணை நிரல்கள்) தேவைப்பட்டன என்பது என் எண்ணம்.

ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் மதிப்புகளை ஓடை என்பார்கள். ஓடைகளின் மொழியில் இது ஸ்கேன்: நிகழ்வுகளின் ஓடையை, தொடக்க நிலையிலிருந்து 'புதுப்பி' கொண்டு ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே வா, வெளியே வருவது நிலைகளின் ஓடை. நிலையை மாற்ற வேறு வழியே இல்லை.

முதல் கோளாறு இப்போது எப்படித் தீரும்? பதிலில் நிறுத்த எண்ணைச் சேர்த்து, அது இப்போதைய நிறுத்தத்தோடு பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம் என்று தோன்றும். முக்கால்வாசி சரி. பயனர் தே, லி, மறுபடி தே என்று தொட்டால், முதல் தே கோரிக்கையின் பழைய பதில் கடைசியாக வந்து சேரலாம். நிறுத்தம் பொருந்துகிறது, தரவு பழசு. அதனால்தான் வரிசை எண். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். விதி: நிறுத்தம் பொருந்த வேண்டும், வரிசை எண் கடைசியாக ஏற்றதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். "மிகப் புதிய கோரிக்கையாகவே இருக்க வேண்டும்" என்று விதியை இறுக்கிவிடாதீர்கள். வலை மெதுவானால் ஒவ்வொரு பதிலும் வருவதற்குள் அடுத்த கோரிக்கை போயிருக்கும். எந்தப் பதிலும் ஏற்கப்படாது.

'பெரியதை எடு' என்பதில் ஒரு நல்ல குணம் உண்டு. 3, 7, 5 எந்த வரிசையில் வந்தாலும் கடைசியில் நிற்பது 7. ஒன்றே இருமுறை வந்தாலும் கெடுதல் இல்லை. வலை என்ன குழப்பம் செய்தாலும் தாங்கும்.

நிலையின் வடிவம்

ஏற்றுகிறது, பிழை, தரவு இருக்கிறது என்று மூன்று ஆம்/இல்லை மாறிகள் வைத்தால் எட்டுச் சேர்க்கைகள் வரும். அவற்றில் சிலவற்றுக்குப் பொருளே கிடையாது. சுழலும் வட்டமும் பிழைச் செய்தியும் ஒன்றாகத் தெரியும் திரைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. மாறாக:

நிலை =
  தேர்வு_இல்லை
  | முதல்முறை_ஏற்றுகிறது(எண்)
  | இருக்கிறது(எண், பட்டியல், எடுத்த_நேரம், புதுப்பிப்பு)
  | முதலிலேயே_தவறியது(எண், காரணம்)

'இருக்கிறது' என்பதற்குள் 'புதுப்பிப்பு' தனியாக இருப்பதைக் கவனியுங்கள். பேருந்துச் செயலியில் மிக அடிக்கடி நேர்வது "பழைய பட்டியல் கையில் இருக்கிறது, புதியதை வாங்க முடியவில்லை" என்ற நிலை. அப்போது பட்டியலைத் துடைத்துவிட்டுப் பிழையைக் காட்டுவது அநியாயம். 40 நொடிப் பழைய நேரம், ஒன்றுமே இல்லாததைவிட நல்லது. "40 நொடிக்கு முன்" என்று மேலே போட்டுவிட்டால் போதும்.

டேட்டாமாலின் பதிலை அப்படியே உள்ளே விடாதீர்கள். வாசலிலேயே பிரித்து, உங்கள் வகைகளாக மாற்றிவிட வேண்டும். தவறவிடும் இடங்கள்:

நிறுத்த எண் ஒரு சரம், எண் இல்லை. 01012 என்ற நிறுத்தத்தை எண்ணாகச் சேமித்தால் 1012 ஆகிவிடும். நகர மையத்தின் பல நிறுத்தங்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. விரிதாளில் திறந்து சேமித்த கோப்பிலிருந்து பட்டியலை ஏற்றினால் இது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடும்.

மூன்றாவது பேருந்து இல்லையென்றால் அந்த இடம் காணாமல் போகாது; வருகை நேரம் வெற்றுச் சரமாக வரும். அதை ஜாவாஸ்கிரிப்ட் தேதியாக மாற்றிக் கழித்தால் விடை 'எண் அல்ல'. திரையில் அதுவே நிமிடமாகத் தெரியும் செயலிகள் உண்டு. வாசலில் 'இல்லை' அல்லது 'பேருந்து(நேரம், நெரிசல், வகை)' என்று ஆக்கிவிட்டால், உள்ளே இருக்கும் எந்த ஃபங்ஷனும் வெற்றுச் சரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நெரிசல் மூன்று குறியீடுகளில் வரும்: இருக்கை உண்டு, நிற்க இடம் உண்டு, நிற்கவும் இடம் குறைவு. வாகனம் ஒற்றைத் தளம், இரட்டைத் தளம், நீள்பேருந்து என்று மூன்று. நாளை நான்காவது வந்தால் என்ன செய்வது என்பதை வாசலில் எழுதுங்கள். 'தெரியாதது' என்றொரு கிளை வையுங்கள். ஒரே பேருந்து ஒரு நிறுத்தத்தை இரண்டு முறை தொட்டுப்போகும் வட்டச் சேவைகளும் உண்டு. அதற்காக 'எத்தனையாவது வருகை' என்ற புலம் தரவில் இருக்கிறது. சேவை எண்ணை மட்டும் திறவுகோலாக வைத்துத் திரையில் வரிசைகளை அடையாளம் காணாதீர்கள். கணிப்பு வண்டியின் உண்மையான இடத்தை வைத்ததா, வெறும் கால அட்டவணையை வைத்ததா என்பதையும் தரவு சொல்கிறது; அட்டவணை நேரத்தைக் கொஞ்சம் மங்கலான எழுத்தில் காட்டுவது நேர்மை.

நான்கு மேப்களும் ஒரு பட்டினியும்

இப்போது ஓரத்துக்கு வருவோம். ஓடைகளும் ஆபரேட்டர்களும் வேலை செய்யும் இடம். ஒரு நிகழ்வு வந்தால் ஒரு கோரிக்கை போக வேண்டும். அது முடியும் முன் அடுத்த நிகழ்வு வந்துவிட்டால் என்ன செய்வது? நான்கே பதில்கள். பழையதைக் கைவிட்டுப் புதியதைப் பிடிப்பது ஸ்விட்ச்மேப். பழையது முடியும்வரை புதியதைக் கண்டுகொள்ளாதது எக்ஸாஸ்ட்மேப். புதியதை வரிசையில் நிற்க வைப்பது கன்கேட்மேப். எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுவது மெர்ஜ்மேப்.

நிறுத்தம் மாற்றுவதற்கு ஸ்விட்ச்மேப். திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிப்பதற்கு எக்ஸாஸ்ட்மேப். பொறுமையில்லாமல் ஐந்து முறை இழுத்தாலும் ஒரு கோரிக்கைதான் போகும். பிடித்த நிறுத்தங்களைச் சேர்த்து நீக்குவதற்குக் கன்கேட்மேப், ஏனென்றால் சேர்த்து நீக்குவதும் நீக்கிச் சேர்ப்பதும் ஒன்றல்ல. பிடித்த எட்டு நிறுத்தங்களுக்கும் ஒன்றாகத் தரவு வாங்க மெர்ஜ்மேப், ஒரே நேரத்தில் மூன்றோ நான்கோ போதும் என்று வரம்பு போட்டு.

எதைப் போடுவதென்று தெரியாமல் எல்லா இடத்திலும் ஸ்விட்ச்மேப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சேமிக்கும் வேலைக்கு அதைப் போட்டால், கைவிடப்படுவது நாம் பதிலைக் கேட்பது மட்டுமே. கோரிக்கை சர்வரைத் தொட்டிருந்தால் அங்கே வேலை நடந்திருக்கும், நமக்குத்தான் தெரியாது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. 20 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் டைமர், அதன் பின்னால் ஸ்விட்ச்மேப், அதற்குள் கோரிக்கை. பார்க்கச் சரியாகவே இருக்கும். வலை மோசமாகி ஒவ்வொரு பதிலும் 25 நொடி எடுக்கும் நாளில், 20ஆவது நொடியில் டைமர் துடித்து முந்தைய கோரிக்கையைக் கொன்றுவிடும். அடுத்ததையும் அப்படியே. எந்தப் பதிலும் வந்து சேராது. பயனர் நிறுத்தத்தில் பட்டினியாக நிற்பார். வெளியே நிறுத்தத்துக்கு ஸ்விட்ச்மேப், உள்ளே டைமருக்கு எக்ஸாஸ்ட்மேப் என்று இரண்டு அடுக்காக வைக்க வேண்டும்:

நிறுத்தத்_தேர்வு
  → ஸ்விட்ச்மேப்(எண் =>
      டைமர்(0, 20 நொடி)
        → எக்ஸாஸ்ட்மேப்(_ =>
            கேள்(எண்)
              → காலவரம்பு(30 நொடி)
              → பிழையை_நிகழ்வாக்கு))

கடைசி வரி எந்த அடைப்புக்குள் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆர்எக்ஸ் ஓடையில் பிழை வந்தால் அந்த ஓடை முடிந்தது, மறுபடி எழாது. பிழையைப் பிடிக்கும் ஆபரேட்டரான கேட்ச்எரரை வெளி அடுக்கில் போட்டால் முதல் வலைத் தவறிலேயே டைமரும் சேர்ந்து செத்துவிடும். திரை உறைந்துபோகும், பிழைச் செய்தியும் இருக்காது, செயலியை மூடித் திறந்தால் சரியாகிவிடும். 'எப்போதாவது நின்றுவிடுகிறது' என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிழையை உள்ளேயே பிடித்து 'பதில்_தவறியது' என்ற சாதாரண நிகழ்வாக மாற்றி மையத்துக்கு அனுப்புங்கள். பிழையும் ஒரு மதிப்புதான்.

மறுமுயற்சி வேண்டுமென்றால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயல் நேரம் சேர்க்க வேண்டும். ஒரு நிறுத்தத்தில் நிற்கும் நூறு கைபேசிகளும் ஒரே நொடியில் திரும்ப முட்டக் கூடாது. இங்கே 20 நொடியில் எப்படியும் அடுத்த துடிப்பு வருவதால், இரண்டு மறுமுயற்சிக்கு மேல் வீண்.

பகிர்வதும் விடுவதும்

ஆர்எக்ஸ் ஓடைகள் பெரும்பாலும் குளிர்ந்தவை: யாராவது கேட்கத் தொடங்கும்போதுதான் ஓடும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடும். திரையின் பட்டியல், மேலே இருக்கும் 'எடுத்த நேரம்', வரைபடத்தின் குறி, மூன்றும் ஒரே ஓடையைக் கேட்டால் 20 நொடிக்கு மூன்று கோரிக்கைகள், நிமிடத்துக்கு ஒன்பது. ஷேர்ரீப்ளே போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அதன் இயல்பு அமைப்பில், கேட்பவர்களை எண்ணும் ரெஃப்கவுண்ட் அணைந்திருக்கும்: எல்லாரும் கேட்பதை நிறுத்திய பின்னும் மூல ஓடை ஓடிக்கொண்டே இருக்கும். முடிவே இல்லாத டைமருக்கு இது பேட்டரி தின்னும் ஓட்டை. ரெஃப்கவுண்டை இயக்கியே வையுங்கள்.

'திரை_மறைந்தது' நிகழ்வு வந்தால் டைமரை நிறுத்தும் கட்டளை போக வேண்டும். திரும்பியதும் உடனே ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு 20 நொடி.

கணக்குச் சாவியைக் கைபேசிச் செயலிக்குள் புதைக்கக் கூடாது. யாரும் பிரித்து எடுத்துவிடலாம். நடுவில் ஒரு சின்ன சர்வர் வேண்டும். அங்கேயும் இதே பகிர்வுதான்: பூன் லே சந்திப்பில் 500 பேர் ஒரே நிறுத்தத்தைப் பார்த்தாலும் அந்த நிறுத்தத்துக்கு 20 நொடிக்கு ஒரு கோரிக்கை மட்டும் மேலே போனால் போதும். வாங்கும் பக்கம் மெதுவாக இருந்தால் பழைய பட்டியலைத் தூக்கி எறிந்து புதியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேருந்து நேரத்துக்கு அது சரி, கட்டணப் பரிவர்த்தனைக்குச் சரியில்லை. வாங்குபவர் "எனக்கு இத்தனை மட்டும் கொடு" என்று கேட்கும் முறையை ஜாவா 2017இல் ஒன்பதாம் பதிப்போடு தன் நூலகத்திலேயே சேர்த்துக்கொண்டது. இந்த அளவுச் செயலிக்கு அது தேவைப்படாது.

இணைக்கும் இடத்தில் ஒரு கண்சிமிட்டல்

மழை வருமா என்று பேருந்துப் பட்டியலோடு காட்ட ஆசை வரும். அரசின் திறந்த தரவுத் தளத்தில் இரண்டு மணிநேர வானிலை முன்னறிவிப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஓடையின் கடைசி மதிப்பையும் சேர்த்துத் தரும் கம்பைன்லேட்டஸ்டால் இரண்டையும் இணைப்பார்கள். அது எல்லா ஓடைகளும் ஒருமுறையாவது பேசிய பிறகே முதல் மதிப்பைத் தரும். வானிலைப் பக்கம் பதில் வராத நாளில் பேருந்துப் பட்டியலும் வராது. வானிலை ஓடையின் தலையில் 'இன்னும் இல்லை' என்ற மதிப்பை ஸ்டார்ட்வித் கொண்டு வைத்துவிடுங்கள். ஃபோர்க்ஜாயினைத் தொடவே வேண்டாம். அது எல்லா ஓடைகளும் முடியக் காத்திருக்கும், டைமர் முடிவதே இல்லை.

இன்னொன்று: ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளை மறுபடி கம்பைன்லேட்டஸ்டால் சேர்த்தால், மூலம் ஒருமுறை மாறும்போது வெளியே இருமுறை மதிப்பு வரும். முதலாவது, புதுத் தலைப்பும் பழைய பட்டியலும் கலந்த பொய். ஒரு கண்சிமிட்டலில் மறைந்துவிடும், ஆனால் அந்தப் பொய்யை வைத்து ஒரு கோரிக்கை போயிருக்கலாம். டிபௌன்ஸ் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். நிலை ஒன்றே, அதிலிருந்து திரைக்கு ஒரே ஃபங்ஷன் என்று வைத்தால் பிரிந்து சேரும் கிளையே இருக்காது. இணையத் திரைகளைக் கட்டும் நூலகங்களில் இப்போது சிக்னல்கள் உண்டு: மதிப்பு மாறினால் அதைச் சார்ந்தவை தாமாகவே மாறும் பெட்டிகள். 2023இல் ஆங்குலர் 16ஆம் பதிப்போடு வந்த சிக்னல்கள், சாலிட் முதலியவற்றின் சிக்னல்கள் இந்தக் கண்சிமிட்டலை உள்ளுக்குள்ளேயே தவிர்த்துவிடுகின்றன. திரைப் பக்கத்துக்கு இப்போது அவைதான் வசதி. ஆனால் சிக்னலுக்குக் காலம் தெரியாது: காத்திரு, கைவிடு, வரிசையில் நில் என்பதெல்லாம் ஓடையின் வேலை.

'இப்போது' எங்கிருந்து வருகிறது?

கோனல் எலியட்டும் பால் ஹூடக்கும் 1997இல் வெளியிட்ட ஃபங்ஷனல் ரியாக்டிவ் அசைவூட்ட ஆய்வில் இரண்டு வகைப் பொருள்கள் உண்டு: எந்தக் கணத்தில் கேட்டாலும் ஒரு மதிப்பு இருப்பது ஒன்று, சில கணங்களில் மட்டும் நடப்பது இன்னொன்று. பின்னால் வந்த ஆர்எக்ஸ் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. இருந்தாலும் அந்தப் பிரிவினை மனதில் இருந்தால் பல தவறுகள் நேராது. நிறுத்தத்தைத் தொடுவது நிகழ்வு. 'இன்னும் எத்தனை நிமிடம்' என்பது எப்போதும் இருக்கும் மதிப்பு.

அதனால் நிமிடத்தை நிலையில் சேமிக்காதீர்கள். "5" என்று வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒன்றாகக் கழிக்கும் நிரல், பின்னணிக்குப் போனதும் பொய் சொல்லத் தொடங்கும். பின்னணிப் பக்கங்களின் டைமர்களை உலாவிகள் வேண்டுமென்றே மெதுவாக்குகின்றன, குரோம் சில சமயம் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே ஓடவிடும். வருகை நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, காட்டும்போது கணக்கிடுங்கள்:

நிமிடம்(வருகை, இப்போது) = கீழ்முழு((வருகை − இப்போது) / 60)

கீழ்நோக்கி முழுமையாக்குவதுதான் முறை. 3 நிமிடம் 50 நொடியை 4 என்று காட்டினால் நம்பியவர் ஓடி வர வேண்டியிருக்கும்; 3 என்று காட்டினால் கொஞ்சம் நிற்பார், அவ்வளவுதான். ஒன்றுக்குக் கீழே போனால் 'வருகிறது'. கழித்தல் குறியோடு வந்தாலும் அதுவே. சற்றுமுன் போன பேருந்து அடுத்த புதுப்பிப்புவரை பட்டியலில் இருப்பது சகஜம்.

'இப்போது' என்பதை ஃபங்ஷனுக்குள்ளே கடிகாரத்தைப் பார்த்து எடுக்காமல் 'கடிகாரம்_நகர்ந்தது' நிகழ்வாக உள்ளே தந்தால் இரண்டு லாபம். கைபேசியின் கடிகாரம் இரண்டு நிமிடம் தப்பாக இருந்தால், சர்வரின் பதிலில் வரும் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை ஓரத்திலேயே சரிசெய்துவிடலாம், மையம் மாறாது. சோதனையில் நேரத்தை நாமே நகர்த்தலாம், நிஜமாக 20 நொடி காத்திருக்க வேண்டாம்.

டேட்டாமால் நேரத்தோடு +08:00 சேர்த்தே வருகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு உள்ளூர் நேரமாக எண்ணிக்கொள்பவர்களின் செயலி, சாங்கி தாண்டிப் போன கைபேசியில் கோணலாகும். சிங்கப்பூருக்குக் கோடைக்கால நேர மாற்றம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்தான். ஆனாலும் ஒரு வேடிக்கை: நேர எண்ணாகப் பூஜ்யம் வந்துவிட்டால் உள்ளூர் நேரமாக 1970 ஜனவரி 1, காலை 7:30 என்று தெரியும், 8:00 என்று இல்லை. 1982 பிறக்கும்போதுதான் இங்கே கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டன. திரையில் எங்காவது 7:30 காரணமில்லாமல் தெரிந்தால், எங்கோ ஒரு வெற்று மதிப்பு பூஜ்யமாகியிருக்கிறது என்று அர்த்தம்.

கலைத்துப்போட்டுச் சோதிப்பது

மையம் தூய ஃபங்ஷனாக இருப்பதால் சோதனை என்பது ஒரு நிகழ்வுப் பட்டியலும் எதிர்பார்க்கும் கடைசி நிலையும் மட்டுமே. போலி வலை தேவையில்லை. அதைவிட வலுவானது: ஒரே நிறுத்தத்துக்கான பதில் நிகழ்வுகளை எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி ஆயிரம் முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் கடைசி நிலை ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்ப்பது.

மேலே சொன்ன விதியை வைத்து இதை ஓட்டினால் முதல் நிமிடத்திலேயே தோற்கும். 4ஆம் கோரிக்கை வெற்றி, 5ஆம் கோரிக்கை தோல்வி என்று வையுங்கள். 4 முதலில் வந்தால் பட்டியல் ஏறும், பிறகு 5இன் எச்சரிக்கை மேலே வரும். 5 முதலில் வந்தால் 'கடைசியாக ஏற்றது 5' என்று பதிந்துவிடும். பின்னால் வரும் 4இன் நல்ல பட்டியல் பழசு என்று குப்பைக்குப் போகும். திரையில் வெறும் பிழை. 'கோசோங்'கும் 'சியூ தாய்'யும் ஒரே சர்க்கரையைத் தொட்ட அதே கதை: வெற்றியும் தோல்வியும் ஒரே எண்ணில் எழுதிக்கொண்டிருக்கின்றன.

பிரித்துவிடுங்கள். கடைசி வெற்றியின் எண் ஒன்று, கடைசித் தோல்வியின் எண் ஒன்று. இரண்டுமே 'பெரியதை எடு'. பட்டியல் வெற்றி எண்ணோடு மட்டும் சேர்ந்து நகரும். எச்சரிக்கையை நிலையில் வைக்கவே வேண்டாம். தோல்வி எண் வெற்றி எண்ணைவிடப் பெரிதா என்று காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். மேலே எழுதிய நிலை வகையில் 'முதலிலேயே_தவறியது' என்ற கிளையும் இதனால் மாறும்: முதல் தோல்விக்குப் பிறகு வரும் பழைய வெற்றி, அதை 'இருக்கிறது' என்று மாற்ற வேண்டும். இப்போது கலைத்துப் பாருங்கள்; எந்த வரிசையிலும் ஒரே திரை.

ஓரத்தில் இருக்கும் ஓடைகளுக்கு ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் டெஸ்ட் ஷெட்யூலர் இருக்கிறது. மேலே வரைந்ததைப் போன்ற கோட்டுப் படங்களையே சரமாக எழுதிச் சோதிக்கலாம். பட்டினிப் பொறிக்கும் செத்த டைமருக்கும் ஆளுக்கொரு படம் எழுதி வைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து யாராவது 'சுத்தம் செய்கிறேன்' என்று எக்ஸாஸ்ட்மேப்பை ஸ்விட்ச்மேப்பாக மாற்றும்போது அகப்பட்டுக்கொள்வார்.

கடைசி 200 நிகழ்வுகளை ஒரு வட்ட வரிசையில் வைத்திருந்து, புகார் வரும்போது பயனர் சம்மதித்தால் சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். அதே 'புதுப்பி'யில் ஓட்டினால் அவர் பார்த்த திரை உங்கள் மேசையில் விரியும். ஆனால் ஒருவர் தினமும் காலை 7 மணிக்குப் பார்க்கும் நிறுத்தம் அவர் வீட்டு வாசல். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்து, அனுப்பும் முன் நிறுத்த எண்களை அ, ஆ, இ என்று மாற்றிவிடுங்கள். மறுபடி ஓட்டிப் பார்க்க எண்கள் ஒன்றா வேறா என்று தெரிந்தால் போதும், எந்த நிறுத்தம் என்று தெரிய வேண்டாம்.